வாலில் குந்தும் விமான மொடல்: எவ்வளவு எடை, எங்கே, எதைக் கொண்டு ஒட்டுவது

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 1/72 அளவில், அதாவது உண்மையானதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு நீளத்தில், ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மொடலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கிட்டோடு வந்த தாளில் மூக்கில் எடை வைக்கும்படி ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை. எங்கே வைப்பது, எதை வைப்பது, கொழும்பில் அதை எங்கே வாங்குவது என்று கேட்கிறார். அவருடைய நண்பர் அதே விமானத்தை எடை வைக்காமலே ஒட்டி முடித்து, பெயின்ட்டும் அடித்துவிட்டார். அது இப்போது முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வாலில் குந்தியிருக்கிறது. அதற்கும் வழி உண்டா என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, உடலின் இரண்டு பாதிகளையும் நீங்கள் இன்னும் ஒட்டவில்லை என்பது பெரிய நிம்மதி. இந்த விஷயத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை ஒட்டுவதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தவிர்க்கக்கூடியவை. கையில் ஒரு பென்சில், மாஸ்கிங் டேப், ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். ஊகித்து ஒரு பிடி ஈயத்தை உள்ளே போட்டு மூடுவதுதான் எல்லாரும் செய்வது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். சில மொடல்கள் நின்றன, சில குந்தின, சிலவற்றின் கால்கள் எடை தாங்காமல் விரிந்துபோயின. அளந்து செய்யத் தொடங்கிய பிறகு ஒன்றுகூடக் குந்தவில்லை.

முதலில், உண்மையான விமானம் குந்தாமல் நிற்கும்போது மொடல் ஏன் குந்துகிறது என்று பார்ப்போம். உண்மையான லிபரேட்டர் வெறுமையாகவே 16 தொன்னுக்கு மேல். அந்தப் பாரத்தில் பெரும்பங்கு எஞ்சின்கள், ஆயுதங்கள், கவசத் தகடு, விமானிகளின் இருக்கைகள், கருவிகள் என்று முன்பக்கமாகச் சேர்ந்திருக்கும். வால் பக்கம் மெல்லிய அலுமினியக் கூடுதான். மொடலில் எல்லாமே ஒரே தடிப்புள்ள பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு எது எஞ்சின், எது வெறும் காற்று என்று தெரியாது. எங்கே பரப்பு அதிகமோ அங்கே பாரமும் அதிகம். லிபரேட்டருக்கு நீண்ட பின்னுடலும், கடைசியில் இரண்டு பெரிய செங்குத்து வால்களும், அதற்கும் பின்னால் ஒரு துப்பாக்கிக் கூண்டும் உண்டு. எல்லாம் சேர்ந்து பின்னால் இழுக்கின்றன.

லிபரேட்டரில் இன்னொன்றும் உண்டு. உண்மையான விமானமே இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆட்டமானதுதான். ஆட்கள் பின்பக்கம் கூடினாலோ, பொருள் ஏற்றும்போது கணக்குத் தப்பினாலோ மூக்குத் தூக்கிவிடும் என்று நிலத்தில் நிற்கும்போது வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். இன்றைக்கும் ஏடிஆர் 72 பயணிகள் விமானத்துக்கு ஆட்கள் ஏறி இறங்கும்போது வாலுக்கு ஒரு கம்பு முட்டுக் கொடுக்கிறார்கள். சோவியத்தின் இல்யூஷின் 62 இல் இதற்கென்றே வாலுக்கு அடியில் ஒரு சிறிய நாலாவது சக்கரக்கால் வைத்துத்தான் கட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நண்பருடைய மொடலுக்கு இது உதவும்.

மூன்று சக்கரமும் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று இருக்கும் விமானங்களுக்குத்தான் இந்தத் தொல்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ரேஸ்கோர்ஸ் ஓடுபாதையிலும் இரத்மலானையிலும் இருந்து கிளம்பிய ஹரிக்கேன் போர் விமானங்களைக் கட்டினால் எடையே தேவையில்லை. அவை வால் சக்கரத்தில் நிற்கும்படியே படைக்கப்பட்டவை. டகோட்டா போக்குவரத்து விமானமும் அப்படித்தான். உங்கள் லிபரேட்டர் வேறு இனம்.

இப்போது அளவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பழைய கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் துலாவைப் பார்த்திருப்பீர்கள், அல்லது வீட்டில் அம்மம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நடுவில் துலாவைத் தாங்கி நிற்கும் ஆடுகால், ஒரு பக்கம் நீண்ட துலாவும் கொடியும் பட்டையும், மறுபக்கம் குட்டையான அடிப்பகுதியில் கட்டிய பாரம். உங்கள் விமானம் ஒரு துலா. இரண்டு பிரதான சக்கரங்களும் நிலத்தைத் தொடும் கோடுதான் ஆடுகால். வால் ஒரு பக்கம், மூக்கு மறுபக்கம். அடிப்பாரத்தை ஆடுகாலை விட்டு எவ்வளவு தள்ளிக் கட்டுகிறோமோ அவ்வளவு குறைந்த பாரம் போதும். கணக்கு முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

ஒட்டாமல், மாஸ்கிங் டேப்பால் விமானம் முழுவதையும் கட்டிச் சேருங்கள். முழுவதையும் என்றால் இறக்கை, வால், எஞ்சின், காற்றாடி, துப்பாக்கிக் கூண்டு, விமானி அறைக் கண்ணாடி, உள்ளே வைக்கப்போகும் இருக்கைகள், எல்லாமே. பலரும் வால் துண்டுகளைப் பிறகு ஒட்டலாம் என்று விட்டுவிட்டு அளப்பார்கள். கணக்குப் பிழைக்கும் இடம் அதுதான், ஏனென்றால் மிகத் தூரத்தில் இருக்கும் அந்த இரண்டு கிராம்தான் மிக அதிகமாக இழுக்கும். சேர்த்த பிறகு பிரதான சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உடலின் அடியில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். கால் இறக்கையில் செருகும் இடம் வேறு, சக்கரம் தரையைத் தொடும் இடம் வேறு. கால் முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்திருக்கும். தாளில் இருக்கும் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்துச் சக்கரத்தின் நடுவைக் குறியுங்கள்.

அந்தக் கோட்டில் ஒரு உருண்டைப் பென்சிலைக் குறுக்கே வைத்து விமானத்தை அதன்மேல் வையுங்கள். லிபரேட்டருக்கு இறக்கை உயரத்தில் இருப்பதால் பென்சில் உடலுக்கு அடியில் வரும், பக்கவாட்டில் சாயாமல் இறக்கை நுனியை ஒரு விரலால் மெல்லத் தாங்க வேண்டும். தாழ்ந்த இறக்கை விமானம் என்றால் இறக்கைக்கு அடியிலேயே வைக்கலாம், வசதி. வால் கீழே போகும். இனி ஒரு சிறிய பொலித்தீன் பையில் ஈயத்தைப் போட்டு, உள்ளே எங்கே வைக்கப் போகிறீர்களோ அதே இடத்துக்கு வெளிப்புறமாக டேப்பால் ஒட்டுங்கள். மூக்குக் கீழே சாயும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சாய்ந்த கணத்தில் பையை எடுத்து நிறுங்கள். அதுதான் குறைந்தபட்ச அளவு. அதோடு நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

தராசு இருந்தால் இன்னும் நேர்த்தியாகச் செய்யலாம். பென்சிலில் இருக்கும் விமானம் மட்டமாக நிற்கும்படி வாலைத் தராசின் மேல் வைத்து வாசிப்பைக் குறியுங்கள். எடுத்துக்காட்டுக்கு வால் 12 கிராம் காட்டுகிறது, தராசைத் தொடும் இடம் பென்சிலில் இருந்து 15 சென்டிமீட்டர் என்று வைப்போம். 12 ஐயும் 15 ஐயும் பெருக்கினால் 180. எடையை முன்னால் 9 சென்டிமீட்டரில் வைத்தால் 180 ஐ 9 ஆல் வகுக்க 20 கிராம். விமானி அறைத் தரைக்கு அடியில், 6 சென்டிமீட்டரில் என்றால் 30 கிராம். எஞ்சினுக்குப் பின்னால் 3 சென்டிமீட்டரில்தான் இடம் இருக்கிறது என்றால் 60 கிராம். நாலில் ஒரு பங்கு கூட்டினால் முறையே 25, 37.5, 75.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் முன்சக்கரத்தில் விழும் பாரம் ஒன்றுதான். கூடுதலாகச் சேர்த்த 45 ஐ, அதாவது 180 இல் நாலில் ஒரு பங்கை, முன்சக்கரத்துக்கும் பிரதான சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால் வரும். அது 7 சென்டிமீட்டர் என்றால் 6.4 கிராம். ஆனால் 25 கிராம் வைத்த விமானத்தைவிட 75 கிராம் வைத்த விமானத்தின் பிரதான கால்கள் 50 கிராமை வீணாகச் சுமக்கும். எடை வைத்தால் முன்சக்கரக்கால் முறியும் என்று பலர் பயப்படுகிறார்கள். அடி வாங்குவது பெரும்பாலும் பிரதான கால்கள்தான். கொழும்பு வெக்கையில், கண்ணாடி அலுமாரிக்குள் வருடக்கணக்கில் நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கால் மெல்ல மெல்ல வளையும். லிபரேட்டரின் பிரதான கால்கள் நீளமானவை, உயரமான இறக்கையில் இருந்து இறங்குபவை. அதனால் முடிந்த அளவு முன்னால், முடிந்த அளவு குறைவாக வையுங்கள்.

நாலில் ஒரு பங்கு ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்று, பெயின்ட்டும் வார்னிஷும் ஸ்டிக்கரும் பரப்பு அதிகமுள்ள பின்பக்கத்தில் அதிகமாகச் சேரும். அடுத்தது, தராசில் மட்டமாக நிற்பது வேறு, சற்றே பின்சாய்வான தட்டில் நிற்பது வேறு. விமானத்தின் பாரம் சக்கரத்துக்கு மேலே உயரத்தில் இருப்பதால், கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலே முழுப் பாரமும் பின்னால் நகரும். காலி வீதியில் கனத்த வாகனம் போகும்போது அலுமாரி அதிர்வதுகூட, மட்டுமட்டாக நிற்கும் ஒரு மொடலைக் குந்த வைக்கப் போதும்.

எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு. லிபரேட்டரில் மூக்குக் கண்ணாடியாக இருப்பதால் நுனியில் வைத்தால் வெளியே தெரியும். இருக்கும் மறைவிடங்களை ஒன்றொன்றாகப் பாருங்கள்: குண்டு குறிபார்ப்பவர் இருக்கும் தரைக்கு அடியில், முன்சக்கரம் மடங்கி உள்ளே போகும் கூண்டின் இரு பக்கச் சுவருக்கும் உடலுக்கும் இடையில், கூண்டின் மேல், விமானி அறைத் தரைக்கு அடியில், விமானிகளின் முதுகுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவருக்குப் பின்புறம். இவ்வளவும் நிறைந்த பிறகும் போதாவிட்டால் நான்கு எஞ்சின் கூடுகளுக்குள் போங்கள். அவை சக்கரத்துக்கு முன்னால்தான் இருக்கின்றன, ஆனால் தூரம் குறைவு. அங்கே வைக்கும்போது இடமும் வலமும் ஒரே அளவு வைக்க வேண்டும்.

நம் நாட்டோடு தொடர்புள்ள வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து நீங்கள் அவற்றைத்தான் கட்டுவீர்கள். 1969 இல் எயார் சிலோன் வாங்கிய டிரைடன்ட் விமானத்துக்கு மூன்று எஞ்சினும் வாலில், கிடைவாலும் உச்சியில். 1/144 அளவில் கட்டினால் எடை இல்லாமல் நிற்கவே நிற்காது. ஆனால் மூக்குப் பகுதி முழுக்க வெற்றிடம், வைப்பதில் தொல்லை இல்லை. அதன் முன்சக்கரம் நடுக்கோட்டில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி இருக்கும், அது உங்கள் பிழை அல்ல, உண்மையான விமானமே அப்படித்தான். எயார் லங்காவின் ட்ரைஸ்டார்களுக்கும் நடு எஞ்சின் வாலில் இருப்பதால் இதே கதைதான்.

கடினமானது மிக் 17 போர் விமானம். 1971 கிளர்ச்சியை ஒட்டிச் சோவியத் தந்தது. இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் நிற்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அதன் மூக்கே காற்று உள்ளே போகும் வாய். எடை வைக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. காற்றுக் குழாயின் வெளிச்சுவருக்கும் உடலின் உட்சுவருக்கும் இடையில் உள்ள மெல்லிய இடைவெளியில்தான் வைக்க முடியும். அதற்குச் சோல்டர் கம்பியை, அதாவது மின்வயர்களைப் பற்றவைக்கும் ஈயக் கலப்புக் கம்பியை, சுருட்டி வளைத்து வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரட்டை வால்தண்டு உள்ள பி 38 லைட்னிங்கும் அப்படிப் பெயர் போனது. டாமியா கம்பனியின் 1/48 கிட்டில் இதற்காக உருக்குக் குண்டுகளையே சேர்த்துத் தருகிறார்கள்.

சரி, எதை வைப்பது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.8 கிராம், மணல் ஏறக்குறைய 1.6 கிராம். மேலே சொன்ன 25 கிராமை ஈயக் கட்டியாக வைத்தால் இரண்டு கன சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. அதையே மணலாக வைத்தால் மூன்று தேக்கரண்டி. லிபரேட்டரின் மூக்கில் அதற்கு இடமில்லை. குண்டுமணி மாதிரி உருண்டைகளை நிரப்பினால் இடையில் காற்று நிற்கும், கட்டியாக வைப்பதைவிட மூன்றில் இரண்டு பங்கு எடைதான் அதே இடத்தில் அடங்கும். ஆகையால் இடம் நெருக்கமான விமானங்களுக்குத் தகடாகவோ கம்பியாகவோ உள்ள ஈயம் நல்லது. டங்ஸ்டன் ஈயத்தைவிடவும் மிகக் கனமானது, 19 கிராமுக்கு மேல். கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் விலை அதிகம், லிபரேட்டருக்கு அது அவசியமில்லை.

கொழும்பில் வாங்குவது சுலபம். மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயம் பல அளவில் கிடைக்கும், சிறியதாகப் பார்த்து எடுத்தால் மூலை முடுக்குகளில் செருகலாம். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் வாங்கப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவைத்தால், சக்கரம் பலன்ஸ் பண்ண ரிம்மில் ஒட்டும் துண்டுகளை வாங்கிவருவார்கள். ரயர் கடைகளிலும் கேட்கலாம். ஐந்து கிராம், பத்து கிராம் என்று அளவு போட்டே வரும், நிறுக்கும் வேலை மிச்சம். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது இரும்பு, இடம் கூடுதலாகப் பிடிக்கும். புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவின் மின்சாதனக் கடைகளில் சோல்டர் கம்பி வாங்கலாம். சைக்கிள் கடையில் பழைய பெயரிங் குண்டுகள் கேட்டால் கொடுப்பார்கள். தராசுக்குச் செட்டியார் தெருப் பக்கம் போங்கள். நகைக்காரர் பாவிக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டினாலே தாராளம்.

இரும்பு பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று மூடிய மொடலுக்குள்ளும் போகும். இரும்புக் குண்டுகளை வைப்பதானால் வார்னிஷிலோ எபொக்சிப் பசையிலோ முழுவதும் தோய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறும்.

இனி ஒட்டும் பசை. இந்தப் பதிலில் எதை மறந்தாலும் இந்தப் பந்தியை மறக்க வேண்டாம். ஈயத்தை மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையால் ஒட்டக் கூடாது. நான் பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு பி 25 மிட்செல் குண்டுவீச்சு விமானம் கட்டினேன். அதன் மூக்கில் ஈயக் குண்டுகளைப் போட்டு, வழிந்து ஓடும் அந்த வெள்ளைப் பசையை மேலே ஊற்றி நிரப்பினேன். வசதியாக இருந்தது, மணமில்லை, மலிவு. அழகாக நின்றது. மூன்றாவது மழைக்காலத்தில் மூக்கின் அடித்தையல் மெல்லிய கோடாகப் பிளந்திருந்தது. முதலில் வெக்கையில் ஒட்டு விட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப ஒட்டினேன். அடுத்த வருடம் இன்னும் அகலமாகப் பிளந்தது. உள்ளே பார்த்தால் ஈயத்தின் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூத்து, பொங்கி, பிளாஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒரு மாத வேலை. கண்ணாடி மூக்கும் கூடவே வெடித்துவிட்டது. அந்த மொடலை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

நடந்தது என்னவென்றால், அந்தப் பசை பொலிவைனைல் அசிற்றேட். அதில் இருந்து சிறிது சிறிதாக அசிற்றிக் அமிலம், அதாவது வினாகிரியில் இருக்கும் அதே அமிலம், கசியும். அமில ஆவியும் ஈரப்பதனும் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் ஈயம் ஈயக் காபனேற்றாக மாறும். அது ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஒரு காலத்தில் ஓவியர்களுக்கு ஈய வெள்ளை தயாரித்ததே இப்படித்தான். ஒல்லாந்தர் ஈயச் சுருள்களை வினாகிரியோடு சட்டிகளில் வைத்து, சூட்டுக்காக எருவில் புதைத்து, சில மாதம் கழித்து வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்தார்கள். நான் அதே தொழிற்சாலையை என் மொடலின் மூக்குக்குள் நடத்தியிருக்கிறேன். ரயில் மொடல் கட்டுகிறவர்களுக்கு இது பழைய அனுபவம், இப்படி வெடித்த எஞ்சின் கொதிகலன்கள் நிறைய. கொழும்பு ஈரப்பதனில் இது இன்னும் விரைவாக நடக்கும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் சீலன்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும், அதையும் ஒதுக்குங்கள்.

இரண்டு டியூப்பில் வரும் எபொக்சிதான் சரியானது. மெதுவாக இறுகும் வகையாக எடுங்கள். ஒரேயடியாகக் குவித்து ஊற்றினால் இறுகும்போது நன்றாகச் சூடாகும், மெல்லிய பிளாஸ்டிக் உருக்குலையும். கொஞ்சம் ஊற்றி, இறுகவிட்டு, அப்புறம் அடுத்த அடுக்கு. சூப்பர் குளூவும் பிடிக்கும், ஆனால் அதன் ஆவி கண்ணாடித் துண்டுகளில் வெண்புகையாகப் படியும். லிபரேட்டரின் கண்ணாடி மூக்கை ஒட்டுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்து, ஒரு நாள் முழுக்கக் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட்டை எடையைச் சுற்றி ஊற்றவே வேண்டாம். அது காற்றில் உலர வழியில்லாமல் உள்ளே தேங்கி, உடலை உள்ளிருந்தே கரைக்கும். எதை ஊற்றினாலும், ஒட்டிய பின் ஆட்டிப் பாருங்கள். ஒரு குண்டு உருண்டு சத்தம் போட்டால் மூடுவதற்கு முன் பிடித்துவிடுங்கள்.

ஈயம் நஞ்சு. பயந்து ஓடத் தேவையில்லை, ஆனால் ஒழுங்காகக் கையாள வேண்டும். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், பெஞ்சில் தேத்தண்ணீர்க் கோப்பையை வைக்க வேண்டாம். கத்தியாலோ வெட்டுக்குறட்டாலோ வெட்டலாம், அரத்தால் ராவவோ மணற்தாளால் தேய்க்கவோ கூடாது, தூள்தான் ஆபத்து. குசினியில் உருக்கி வார்க்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சோல்டரும் ஈயமும் மூடி போட்ட போத்தலில், உயரத்தில் இருக்கட்டும். அதுவும் முடியாத வீடு என்றால் இரும்பையே பாவியுங்கள், இடம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

நிற்பது என்றால் மூன்று சக்கரமும் தரையைத் தொடுவது மட்டுமல்ல. 16 தொன் இரும்பும் அலுமினியமும் நிற்கிறது என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பல கிட்டுகளில் சக்கரக்கால்கள் பறக்கும்போது நீண்டு தொங்கும் அளவில் வார்க்கப்பட்டிருக்கும். நிலத்தில் நிற்கும்போது எண்ணெய்த் தண்டு உள்ளே அமுங்கி, பளபளக்கும் பகுதி கொஞ்சம்தான் தெரியும். படத்தோடு ஒப்பிட்டு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வெட்டிக் குறைக்கலாம், உள்ளே ஒரு பித்தளைக் கம்பியை ஊசியாக வைத்துத் திரும்ப ஒட்டினால் கால் பலமும் கூடும். ரயரின் அடியை மணற்தாளில் மெல்லத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இரத்மலானைக்குப் போனால் விமானங்களின் ரயர்கள் தரையோடு சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். கால்களை வெட்டினால் மூக்கின் சாய்வு மாறும், அதனால் இந்த வேலையை எடை அளப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் 160 ஆவது ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் சிகிரியாவிலும் காங்கேசன்துறையிலும் மின்னேரியாவிலும் நின்றவை. உங்களுடையதை அவற்றில் ஒன்றாகக் கட்டுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். என் அம்மாவின் ஊர் காங்கேசன்துறைப் பக்கம், இன்றைய பலாலி விமான நிலையம்தான் அன்றைய காங்கேசன்துறை விமானத்தளம். செம்மண் படிந்த சக்கரங்களோடு, வெயிலில் வெளிறிய பெயின்ட்டோடு அது நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இனி நண்பருடைய விமானம். திறந்து பிரிக்க வேண்டாம், பெயின்ட் அடித்த பின் தையலைப் பிளந்தால் சேதம்தான் அதிகம். முதலில் முன்சக்கரக் கூண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கூண்டின் கூரையிலோ பக்கச் சுவரிலோ வெளியே தெரியாத ஒரு மூலையில் மூன்று மில்லிமீட்டர் துளை போட முடிந்தால், மிகச் சிறிய ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடலாம். மூக்கைக் கீழே பிடித்துக்கொண்டு விட்டால் அவை தாமாக முன்னால் போய்ச் சேரும். விடும் முன் ஒன்று பார்க்க வேண்டும்: மூக்கின் உட்பக்கம் தடுப்புச் சுவர் இல்லாமல் கண்ணாடியோடு திறந்திருந்தால் குண்டுகள் எல்லாம் கண்ணாடிக்குள் வந்து குவியும், அந்த வழி சரிவராது. தடுப்பு இருந்தால், தேவையான அளவு விட்ட பின் ஊசி போடும் சிரிஞ்சால் மெதுவாக இறுகும் எபொக்சியை உள்ளே செலுத்தி, மூக்குக் கீழே இருக்கும்படி ஒரு கோப்பைக்குள் நிறுத்தி ஒரு இரவு விடட்டும்.

துளைக்கு வழியில்லை என்றால் பலகை ஒன்றில் நிறுத்தலாம். முன்சக்கரத்தின் அடியில் ஒரு மெல்லிய துளை, அதற்குள் ஒரு பித்தளைக் கம்பி, பலகையிலும் அதே இடத்தில் துளை. செருகினால் விமானம் எங்கும் போகாது. பலகைக்கு ஓடுபாதைக் கொங்கிரீட் நிறமோ காங்கேசன்துறைச் செம்மண் நிறமோ அடித்துக்கொடுத்தால் கம்பி இருப்பதே தெரியாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, லிபரேட்டருக்கு அது நன்றாகப் பொருந்தும். உண்மையான விமானத்துக்குக் கொடுத்த மாதிரியே வாலுக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள். ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, அடியில் ஒரு சிறிய சதுரத் தட்டு, மேலே உடலைத் தாங்க ஒரு துண்டு பிளாஸ்டிக். உயரத்தை அளக்க, முன்சக்கரத்தை விரலால் தரையில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வாலுக்கு அடியில் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள், கையை எடுத்தாலும் மூக்கு எழாத உயரம் வரும்போது அடுக்கை அளந்தால் போதும். அந்த முட்டுக் கம்பை விமானத்தில் ஒட்ட வேண்டாம், பாரத்திலேயே நிற்கும். மஞ்சள் அல்லது பச்சை பெயின்ட் அடித்து, கால் பகுதியில் கொஞ்சம் எண்ணெய்க் கறை வைத்தால் தரைப் பணியாளர் இப்போதுதான் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.